கோல்ட் புரூவுக்கு எந்தக் கடும் வறுவல் கோப்பி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் நான்கு அறைகள் கொண்ட ஒரு சிறிய விடுதியின் சமையலறையை நானும் தங்கையும் பார்த்துக்கொள்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் பார்க்க வருகிறவர்கள் காலையில் சூடான கோப்பி கேட்பார்கள். பத்து மணி தாண்டிக் கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கிவிட்டால் சூடான எதையும் தொட மாட்டார்கள். அப்போது பிரிட்ஜிலிருந்து கறுப்புப் போத்தல் வெளியே வரும். அதைக் குடித்துவிட்டு வீட்டில் செய்து பார்த்தவர்களும், செய்து பார்த்துத் தோற்றவர்களும், அயல்வீட்டு அன்ரிமாரும் கேட்ட கேள்விகளே கீழே உள்ளவை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைத்தேன்.

கோல்ட் புரூ என்றால் ஐஸ் கோப்பிதானே?

இல்லை. ஐஸ் கோப்பியை முதலில் சுடுநீரில் தயாரித்துப் பிறகு குளிர வைக்கிறோம். கல்யாண வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் கலக்கித் தருவார்களே, அது. கோல்ட் புரூவில் சுடுநீருக்கு இடமே கிடையாது. கரடுமுரடாக அரைத்த கோப்பியைக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் வடிக்கிறோம். சுடுநீர் நான்கு நிமிடத்தில் இறக்கிவிடும் சாரத்தைக் குளிர்நீர் பதினாறு மணி நேரம் எடுத்து, அதிலும் சிலதை விட்டுவிட்டு, மெதுவாக இறக்குகிறது. ருசி வேறுபடுவது அந்த விட்டுவிட்ட பங்கினால்தான்.

உடனடிக் கோப்பித் தூளைக் குளிர்நீரில் கரைத்தால் அது கோல்ட் புரூ ஆகாது. அந்தத் தூள் ஏற்கெனவே வடித்து உலர்த்தப்பட்ட கோப்பி. அதில் ஊற வைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

அதற்கு ஏன் கடும் வறுவல்? இளவறுவல் ஆகாதா?

ஆகும். கொழும்பில் கோப்பி விஷயத்தில் கைதேர்ந்தவர்கள் பலர் நடுத்தர வறுவலையே விரும்புகிறார்கள். நான் கடும் வறுவலில் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு.

கோப்பிக் கொட்டை வறுபட வறுபட உள்ளே நுண்துளைகள் பெருகுகின்றன. நீர் வற்றி, எடை குறைந்து, கொட்டை பருத்து, பொருபொருவென்று ஆகிவிடுகிறது. இளவறுவல் கொட்டையை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள், அசையாது. கடும் வறுவல் கொட்டை முறிந்துவிடும். குளிர்நீருக்கு வலிமை குறைவு. முறுகிய கொட்டைக்குள் அது சுலபமாக நுழைகிறது, இறுகிய கொட்டையின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இளவறுவலின் சிறப்பு அதன் பூ மணமும் பழப் புளிப்பும். அவற்றை எழுப்புவதற்குச் சூடு வேண்டும். குளிர்நீரில் ஊறிய இளவறுவலைக் குடித்தபோது எனக்குப் பச்சைப் பயற்றை ஊறவைத்த தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. கடும் வறுவலில் இருப்பது சொக்லேட், கருகத் தொடங்கிய சீனிப்பாகு, மெல்லிய புகை. இவை குளிர்நீரிலும் இறங்கும். கடும் வறுவலைச் சுடுநீரில் போட்டால் தொண்டையைப் பிடிக்கிற கசப்பில் பெரும்பகுதி குளிர்நீரில் இறங்காமல் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. சூடாகக் குடிக்கும்போது ‘இது கருகல்’ என்று முகம் சுளிக்கும் என் தங்கை அதே கொட்டையின் கோல்ட் புரூவைச் சீனி போடாமல் குடிக்கிறாள்.

இன்னொன்று: எங்கள் ஊரில் கறுப்பாகக் குடிப்பவர்கள் குறைவு, பால் கேட்பவர்களே அதிகம். பால் சேர்த்த பின்னும் கோப்பி ருசி நிற்க வேண்டுமென்றால் கடும் வறுவல்தான் தாங்கும்.

பையில் ‘டார்க் ரோஸ்ட்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. அந்தச் சொல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒருவர் டார்க் என்பதை இன்னொருவர் மீடியம் என்று விற்கிறார். ஆகவே வறுவல் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

கொட்டையின் சூடு ஏறத்தாழ 196 பாகை செல்சியஸை எட்டும்போது முதல் வெடிப்பு கேட்கும். சோளம் பொரிவது போல உரத்த சத்தம். அது அடங்கி, சூடு 224 பாகை அளவுக்கு ஏறும்போது இரண்டாம் வெடிப்பு தொடங்கும். இது தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல மெல்லியதாக, அடுக்கடுக்காக வரும். கடும் வறுவல் என்பது இந்தக் கடுகுச் சத்தத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும் வருவது. சத்தம் தொடங்கிய உடனே இறக்கினால் வியன்னா வறுவல் என்பார்கள். தொடரவிட்டால் பிரெஞ்சு வறுவல், இன்னும் விட்டால் இத்தாலிய வறுவல்.

கோல்ட் புரூவுக்கு நான் வாங்குவது வியன்னாவும் அதற்குச் சற்று மேலும். அதாவது கடும் வறுவல்களில் மிகக் குறைந்த கடுமை. ‘எவ்வளவு கறுப்போ அவ்வளவு நல்லது’ என்று நம்பி ஒரு தடவை அரைக் கிலோ இத்தாலிய வறுவல் வாங்கினேன். குளிர்நீர் கசப்பைத்தான் விட்டுவைக்கும், சாம்பல் ருசியை விட்டுவைக்காது. அடுப்படியில் கரிக்கட்டையைக் கழுவிய தண்ணீர்போல இருந்த அந்தப் போத்தலை விருந்தாளிகளுக்கு வைக்க மனம் வரவில்லை. பால்மாவும் டின்பாலும் சேர்த்து நாங்களே ஒரு வாரம் குடித்துத் தீர்த்தோம்.

கொட்டையைப் பார்க்க முடிந்தால் நிறத்தைப் பாருங்கள். கறுப்புச் சொக்லேட்டின் நிறமாக, கபிலம் இன்னும் மிச்சமிருப்பதாக இருக்க வேண்டும். சிரட்டைக் கரியின் நிறமானால் திருப்பி வைத்துவிடுங்கள். கடைக்காரர் அனுமதித்தால் ஒரு கொட்டையைக் கடித்து மெல்லுங்கள். முதலில் கசந்து, அரை நிமிடத்தில் நாக்கில் ஓர் இனிப்பு எட்டிப் பார்த்தால் வாங்கலாம். கசப்பு அப்படியே நின்று தொண்டை வறண்டால் வேண்டாம்.

எண்ணெய் மினுமினுக்கும் கொட்டைதான் நல்ல கொட்டை என்கிறார்களே?

இந்த நம்பிக்கையால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டாம் வெடிப்பில் கொட்டையின் சுவர் உடைந்து உள்ளேயிருக்கும் எண்ணெய் மேலே கசிகிறது. வியன்னா வறுவலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வியர்வைத் துளிபோலத் தெரிவது இயல்பு. முழுக் கொட்டையும் எண்ணெயில் குளித்ததுபோல இருந்தால், வறுவல் மிகக் கடுமையாகப் போயிருக்க வேண்டும், அல்லது வறுத்து நெடுநாளாகியிருக்க வேண்டும்.

வெளியே வந்த எண்ணெய் காற்றுப் பட்டால் காறிவிடும். பழைய தேங்காய் எண்ணெயின் காறல் வாடை உங்களுக்குத் தெரியும். கோப்பியில் அது அவ்வளவு வெளிப்படையாக அடிக்காது, கறுப்பு மணத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பையில் காற்றுப் போக ஒரு சிறு வட்டத் துளை வைத்திருப்பார்கள். மூக்கை அதன் அருகே வைத்துப் பையை மெதுவாக அமுக்கினால் உள்ளே இருப்பதன் சாதகம் வெளியே வந்துவிடும்.

வறுத்த திகதி அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால் வறுவலின் பெயரைவிட முக்கியம். ‘காலாவதித் திகதி’ மட்டும் போட்டிருக்கும் பையை நான் தொடுவதில்லை. அது வறுத்து ஒரு வருடமா, ஒரு மாதமா என்று சொல்வதில்லை. ‘வறுத்த திகதி’ என்று தனியாக அச்சிட்டிருப்பதைத் தேடுங்கள். வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை நல்ல காலம். கடும் வறுவல் துளை நிறைந்தது என்பதால் இளவறுவலைவிட வேகமாகப் பழசாகும்.

எங்கள் ஊர் வெயிலும் கடல் ஈரமும் இதைக் கெடுக்கின்றன. கண்டியில் ஒரு மாதம் இருக்கும் பை இங்கே திறந்து இரண்டு வாரத்தில் களையிழந்துவிடும். கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக பஸ்ஸில் வரும் பொதி எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்து வந்தால், இறங்கும்போதே பை சுடும். நான் இப்போது கொண்டுவருபவரிடம் ‘அண்ணே, சாமானை மேல் தட்டில் வையுங்கள்’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நேரத்தில் 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். கிலோவாக வாங்கினால் விலை குறைவுதான், ஆனால் கடைசிக் கால் கிலோ குப்பைக்குத்தான் போகும்.

கோப்பிக் கொட்டையைப் பிரிட்ஜில் வைக்கலாமா?

உங்கள் பிரிட்ஜில் கருவாடு இருக்கிறதா? எங்கள் பிரிட்ஜில் இருந்தது. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கும் யன்னலுக்கும் தூரமாக, இருட்டான அலுமாரியில் வையுங்கள். நெடுநாள் வைக்க வேண்டுமானால், ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து இறுக்கிக் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம். எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. குளிர்ந்த கொட்டையில் ஈரக் காற்றுப் பட்டவுடன் பனித்துவிடும்.

அராபிக்காவா, ரொபஸ்டாவா?

இவை கோப்பிச் செடியின் இரண்டு இனங்கள். கடும் வறுவல் கோல்ட் புரூவுக்கு அராபிக்கா. மென்மை, இனிப்பு, மணம் எல்லாம் அதில் அதிகம். ரொபஸ்டாவில் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு: அராபிக்காவில் நூற்றுக்கு 1.2 முதல் 1.5 பங்கு என்றால் ரொபஸ்டாவில் 2.2 முதல் 2.7 பங்கு. அதன் ருசியில் மண்ணும் மரமும் கலந்த ஒரு முரட்டுத்தனம் உண்டு. பால் சேர்ப்பவர்கள் நாலில் ஒரு பங்கு ரொபஸ்டா கலந்த கலவையை எடுத்தால் கனம் கூடும். எனக்கு அந்தக் கலவை பிடிக்கும். தனி ரொபஸ்டாவை ஊறவைத்துக் கறுப்பாகக் குடிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்தியாவிலிருந்து வரும் ‘மொன்சூன்ட் மலபார்’ என்ற வகையை எங்காவது கண்டால் விடாதீர்கள். மேற்குக் கரையில் பருவமழைக் காற்றுப் படும்படி கொட்டையைப் பரப்பிவைத்து, அது ஈரம் குடித்து வெளிறிப் பருத்த பின் விற்பார்கள். புளிப்பு அனேகமாகப் போய்விடும். குளிர்நீருக்கென்றே பிறந்ததுபோல இருக்கும்.

இலங்கைக் கோப்பியில் நல்ல கடும் வறுவல் கிடைக்குமா?

கிடைக்கும். நுவரெலியா, பதுளை, கண்டி மலைப்பக்கங்களில் அராபிக்கா விளைகிறது. தாழ்ந்த இடங்களில் ரொபஸ்டா. எங்கள் வறண்ட கரையோரத்தில் கோப்பி வளராது, எனவே எந்த நல்ல கொட்டையும் மலையிலிருந்துதான் இறங்கி வர வேண்டும். மலைநாட்டு அராபிக்காவை இரண்டாம் வெடிப்பின் தொடக்கத்தில் இறக்கியிருந்தால் கொக்கோவும் மெல்லிய மசாலா வாசமும் வரும்.

இந்த நாடு கோப்பி நாடாக இருந்தது பலருக்கு மறந்துவிட்டது. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்களைத் துடைத்துவிட்டது. தேயிலை அந்த நிலத்தில்தான் வந்து உட்கார்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து எங்கள் மக்கள் காட்டு வழியே நடந்து மலையேறியது முதலில் தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. கோப்பி என்றால் வெள்ளைக்காரன் பானம் என்று சிரிக்கிற மாமாவிடம் நான் இதைச் சொல்வதுண்டு. அவர் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்.

கடையில் விற்கும் சாதாரண கோப்பித் தூள் ஆகாதா?

பலசரக்குக் கடைத் தூள் மிக நுண்ணியது, மாவு மாதிரி. சுடுநீரைக் கொதிக்க ஊற்றித் தெளிவு பார்த்துக் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பதினாறு மணி நேரம் ஊறவிட்டால் சேறாகும், வடிக்கவும் முடியாது. அவசரத்துக்கு அதுதான் கையில் இருக்கிறது என்றால் ஆறு மணி நேரம் போதும், தடித்த துணியில் இரண்டு தடவை வடியுங்கள். பையின் பின்பக்கம் வேறு தானியம் ஏதும் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வறுத்த தானியம் குளிர்நீரில் கூழ் வாடை தரும்.

மல்லியும் சுக்கும் மிளகும் சேர்த்து வீட்டில் இடித்த கோப்பியை ஊறவைக்கலாமா என்று பாலையூற்றிலிருந்து ஓர் அன்ரி கேட்டார். செய்து பார்த்தேன். மல்லி நன்றாகவே இறங்குகிறது. சுக்கு மட்டும் குளிர்நீரில் உறைப்பைக் காட்டாமல் தூசி வாசம் தருகிறது. எனவே மல்லியோடு நிறுத்தினேன்: 100 கிராம் கோப்பிக்கு ஒரு மேசைக்கரண்டி, வறுத்து ஒன்றிரண்டாக இடித்தது. மே மாதத்தில் எங்கள் விடுதியில் முதலில் தீர்ந்துபோவது அந்தப் போத்தல்தான்.

சிக்கரி கலந்த இந்தியத் தூள்?

சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். அதில் கஃபீன் இல்லை. குளிர்நீரிலும் நன்றாகக் கரையும், நிறத்தையும் கனத்தையும் ஒரு கருகல் இனிப்பையும் தரும். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் சிக்கரி சேர்த்த குளிர்ந்த பால் கோப்பி பெயர் பெற்றது. எனவே சேர்ப்பது பாவமில்லை. ஆனால் நூற்றுக்கு 40 பங்கு சிக்கரி உள்ள தூளை வாங்கிவிட்டுக் கடும் வறுவல் என்று நினைக்காதீர்கள். அந்தக் கறுப்பு, வேரின் கறுப்பு. பத்துக்கு ஒரு பங்கு சிக்கரி எனக்குச் சரி.

எப்படி அரைப்பது?

கல்லுப்புப் பருமனில். ரவை பருமன் என்றால் நுண்ணியதாகிவிட்டது.

கடும் வறுவல் கொட்டை எளிதில் நொறுங்குவதால் அரைக்கும்போது தூசி அதிகம் சேரும். அந்தத் தூசிதான் கோல்ட் புரூவைக் கசக்கவும் கலங்கவும் செய்கிறது. மிக்சியில் அரைப்பவர்கள் தொடர்ந்து ஓடவிடாமல், ஒரு நொடி ஓட்டி நிறுத்திக் குலுக்கி மறுபடி ஓட்ட வேண்டும். ஏழெட்டுத் தடவை போதும். பிறகு மா அரிக்கும் அரிதட்டில் போட்டுத் தட்டுங்கள். கீழே விழும் தூசியைக் காலைச் சூட்டுக் கோப்பிக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வருடம் எங்களிடம் அரைக்கும் சாதனம் இல்லை. நகரத்தில் மிளகாயும் மல்லியும் அரைத்துத் தரும் ஒரு மில்லில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘பெரிதாக அரையுங்கள் அண்ணே’ என்றேன். அவரும் மனமுவந்து கல்லைத் தளர்த்தி அரைத்துத் தந்தார். பருமன் அச்சொட்டாக இருந்தது. மறுநாள் காலை முதல் மிடறு விழுங்கிய ஜேர்மன்காரர் கண்ணில் நீர் தளும்ப என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்றவர் ஐந்து கிலோ செத்தல் மிளகாய் அரைத்திருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் கொஞ்ச காலம் அம்மம்மாவின் உரலில் இடித்தோம். சிரிக்காதீர்கள். உலக்கையை ஓங்கிப் போடாமல் அதன் பாரத்திலேயே விழவிட்டால், கடும் வறுவல் கொட்டை நாலைந்து துண்டாக உடையும், தூசி மிகக் குறைவு. கொட்டை உடையும்போது கிளம்புகிற மணத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனைகூட மதிலில் ஏறி உட்கார்ந்துவிடும். இப்போது கையால் சுற்றும் சிறிய கிரைண்டர் வைத்திருக்கிறோம். உரலின் ருசி அதில் இல்லை என்று தங்கை இன்றும் சொல்கிறாள்.

அளவு சொல்லுங்கள்.

100 கிராம் கோப்பி, 600 மில்லிலீற்றர் தண்ணீர். அகன்ற வாய்ப் போத்தலில் கோப்பியைப் போட்டு, தண்ணீரின் பாதியை ஊற்றி, மரக் கரண்டியால் எல்லாம் நனையும்படி கிளறி, மீதியை ஊற்றி மூடுங்கள். பிரிட்ஜில் 16 முதல் 18 மணி நேரம். கடும் வறுவலை 24 மணி நேரம் விட வேண்டியதில்லை, கடைசி மணி நேரங்களில் மரப்பட்டை ருசிதான் ஏறுகிறது. சக்கை தன் எடையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நீரைக் குடித்துவிடும் என்பதால் கையில் வருவது 400 மில்லிலீற்றர் அளவில். அதைக் குடிக்கும்போது சம அளவு தண்ணீரோ பாலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐஸ் நிறையப் போடுபவர்கள் தண்ணீரைக் குறையுங்கள். இங்கே ஐஸ் கிளாஸைத் தொடும்போதே உருகத் தொடங்கிவிடும்.

தராசு இல்லாமல் கரண்டியால் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடும் வறுவல் பாரம் குறைந்தது. இளவறுவலுக்குச் சொன்ன கரண்டிக் கணக்கை இதற்குப் போட்டால் நீர்த்துப்போகும்.

எந்தத் தண்ணீர்?

எங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கரையோரக் கிணறுகளில் சவர் தட்டும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு நல்ல கொட்டையைப் போட்டாலும் மந்தமான, சப்பென்ற கோப்பிதான் வரும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீர் பரவாயில்லை, குளோரின் மணத்தை மட்டும் போக்க வேண்டும். கொதித்தாறிய நீரே எல்லாவற்றிலும் நல்லது. மணமும் போகும், கிருமியும் போகும். கோல்ட் புரூவில் எந்தக் கட்டத்திலும் சூடு காட்டுவதில்லை என்பதால் இதில் கவனக்குறைவு ஆகாது.

‘கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரில் போட்டால்?’ என்று ஒரு தம்பி கேட்டான். அது கோல்ட் புரூ ஆகாது தம்பி.

பிரிட்ஜுக்கு வெளியே ஊறவைக்கலாமா? மின்வெட்டு வந்தால்?

குளிர்நாட்டுக்காரர்கள் சமையலறை மேசையில் வைத்து ஊறவிடுகிறார்கள். அவர்களின் அறை 20 பாகை. எங்கள் சமையலறை இரவிலும் 28, 30. அந்தச் சூட்டில் சாரம் வேகமாக இறங்கும், கிருமியும் வேகமாகப் பெருகும். கோப்பியின் புளிப்பு கிருமியைத் தடுக்கும் என்பது தவறான நம்பிக்கை. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அதில் ஏறத்தாழ 5. ஆபத்தான கிருமிகளைத் தடுக்க 4.6க்குக் கீழே போக வேண்டும். அதனால்தான் இறுக்கி மூடிய கோல்ட் புரூ போத்தலை வெளியே நாட்கணக்கில் வைத்து விற்பதை நான் எதிர்க்கிறேன், யார் விற்றாலும்.

ஓரிரு மணி நேர மின்வெட்டு என்றால் கதவைத் திறக்காமல் விடுங்கள், ஒன்றும் ஆகாது. இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போத்தல் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். 100 கிராம் கோப்பிக்காக வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

வடித்தெடுத்ததைப் பிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும், கருவாட்டை மறக்காதீர்கள். பால் கலந்தது இரண்டு நாள்தான்.

வடிப்பதில் ஏதாவது நுட்பம் உண்டா?

முதலில் தேயிலை வடியில், பிறகு நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில். துணியில் தங்கியதைப் பிழியாதீர்கள். பொறுமையில்லாமல் முறுக்கிப் பிழிந்தால் கடைசியில் வரும் அந்த அரைக் கிளாஸ் மொத்தப் போத்தலையும் கசக்க வைத்துவிடும். துணியைச் சவர்க்காரத்தில் தோய்க்காமல் கொதிநீரில் அலசுங்கள்.

என்னுடையது கசக்கிறது. வறுவலை மாற்றவா?

முதலில் அரைத்த பருமனைப் பாருங்கள், பிறகு நேரத்தை. பருமனும் சரி, 16 மணி நேரத்துக்கு மேல் விடவும் இல்லை, ஆனாலும் கசக்கிறது என்றால் வறுவலில் ஒரு படி இறங்குங்கள். சாம்பல் ருசி என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், வறுவல்தான் குற்றவாளி. நீர்த்து வெறுமையாக இருந்தால் கொட்டை பழசு. புளித்தால், டார்க் என்று விற்றவர் உண்மையில் நடுத்தர வறுவலைத் தந்திருக்கிறார்.

பாலா, பால்மாவா, வேறு என்ன சேர்க்கலாம்?

பால்மாவை நேரே போட்டால் கட்டிபடும். கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குழைத்து ஆறவிட்டுச் சேருங்கள். டின்பாலும் கடும் வறுவலும் நல்ல சோடி. சீனி குளிரில் கரையாமல் அடியில் மண்போலத் தங்கும், பாகாக்கி ஊற்ற வேண்டும். நான் பனங்கட்டியைச் சிறிது நீரில் காய்ச்சி வடித்து ஒரு போத்தலில் வைத்திருக்கிறேன். பனங்கட்டியின் புகை வாசமும் வியன்னா வறுவலின் புகை வாசமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். முதல் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டால் இன்னும் நன்று, உடனே குடித்துவிட வேண்டும். செவ்விளநீரில் கலந்து குடிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. விருந்தாளி கேட்டால் கொடுக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகக் குடிப்பதையே நான் விரும்புவேன்.

கடும் வறுவலில் கஃபீன் கூடவா? நெஞ்செரிவுக்காரர் குடிக்கலாமா?

வறுவலால் கஃபீன் பெரிதாக மாறுவதில்லை. கொட்டையின் இனமும் போடும் அளவும்தான் தீர்மானிக்கும். கோல்ட் புரூ செறிவாக இருந்தாலும் மென்மையாக இறங்கிவிடும், இரவு பன்னிரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போதுதான் தெரியும். மேலே சொன்ன அளவில் வடித்தெடுத்து, இன்னும் தண்ணீரோ பாலோ சேர்க்காத 80 மில்லிலீற்றரில் 100 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இருக்கக்கூடும். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மேல் எல்லை.

‘கோல்ட் புரூவில் அமிலமே இல்லை’ என்பது விளம்பரப் பேச்சு. அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் குளிர்முறைக்கும் சுடுமுறைக்கும் பிஎச் அளவு அனேகமாக ஒன்றே: 4.85 முதல் 5.13 வரை. மொத்தமாகக் கரைந்த அமிலத்தின் அளவு சுடுநீர்க் கோப்பியில் அதிகமாக இருந்தது. சிலருக்கு வயிற்றில் இதமாக இருப்பதற்கு அது காரணமாகலாம். நெஞ்செரிவுக்கு மருந்து எடுப்பவர் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம்.

பச்சைக் கொட்டை வாங்கி நாமே தாச்சியில் வறுக்கலாமா?

வறுக்கலாம். தடித்த இரும்புத் தாச்சி, மிதமான நெருப்பு, கை ஓயாமல் கிளறல். 200 கிராமுக்கு மேல் போட்டால் சமமாக வறுபடாது. சோளச் சத்தம் முடிந்து கடுகுச் சத்தம் கேட்ட உடனே இறக்கிச் சுளகில் கொட்டி விசிறுங்கள். தாச்சியிலேயே விட்டால் உள்சூட்டிலேயே இரண்டு நிமிடத்தில் பிரெஞ்சு வறுவலாகிவிடும். சுளகில் புடைக்கும்போது மெல்லிய தோல் பறக்கும். முற்றத்தில் செய்யுங்கள், வீட்டுக்குள் செய்தால் புகை மூன்று நாள் திரைச்சீலையில் நிற்கும். ஒரு நாள் ஆறவிட்டு அரைக்கலாம்.

பச்சைக் கொட்டை வறுத்ததைவிட மலிவு, மாதக்கணக்கில் கெடாது. இங்கத்தைய வெயிலில் புதிய கடும் வறுவல் வேண்டுமென்றால் இதைவிடச் சுருக்கமான வழியை நான் காணவில்லை.

சக்கையை என்ன செய்வது?

வெயிலில் காயவைத்து ஒரு கிண்ணத்தில் பிரிட்ஜில் வையுங்கள். கருவாட்டு வாடையை இழுத்துக்கொள்ளும்.